செடிக்கு ஊற்றிய தண்ணீர்

1936 பங்குனி. குருத்தோலை ஞாயிறு, இரவு.

மாமியாருக்கு மலைக்காய்ச்சல். கோயிலுக்கு நடக்க முடியாததால், பூசை முடிந்ததும் வீட்டுக்கே வந்து நற்கருணை தருவதாகச் சாமியார் சொல்லியிருந்தார். நற்கருணை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாதே. விடிந்ததிலிருந்து அத்தை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "செத்த பொறுங்கத்தே, சாமி வந்துருவாக" என்று சொல்லிவிட்டு நான் தோட்டத்துக்குப் போனேன். ஈஸ்டருக்குப் பீடத்தில் வைக்க வளர்க்கும் ரோஜாச் செடிகள் வெயிலில் வாடின. அத்தை படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே குடம் குடமாக ஊற்றினேன்.

சாமியார் வரும்போது உச்சிவேளை. அத்தையின் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து, "இவ்வளவு முடியாதவங்களுக்கு ஏதம்மா உபவாசம்? முதல்ல தண்ணி குடு" என்றார். பூசைக்குப் போன யாரிடமாவது சொல்லி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

அவர் போனபின் அத்தை என்னை வைதிருந்தால் தேவலை. "நீ செடிக்கு ஊத்துற சத்தத்தக் கேட்டுக்கிட்டே கெடந்தேன் ஆத்தா. நல்லாருந்துச்சு" என்றார்கள்.

இப்போது தலைமாட்டில் சொம்பு நிறைய வைத்திருக்கிறேன். நாக்கால் உதட்டை நனைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.