வெள்ளிக்கிழமை கை தூக்கும் முன்

ஓபர்மூஸ்
25 நவம்பர் 1996, திங்கள் இரவு

அன்புள்ள டுல்சே,

இதை யாரிடமும் காட்டாதே. உன் அம்மாவிடம்கூட வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. வகுப்பில் பேசலாம் என்றால் ஆலோயிஸின் மகள் நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் உன் விளையாட்டுக் காலணிப் பைக்குள் வைக்கிறேன்.

நேற்று அப்பாவின் நண்பர் ஆலோயிஸ் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் உங்கள் சுவிஸ் குடியுரிமைக்குக் கை தூக்கி வாக்கெடுப்பு வருகிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு. மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். ஆலோயிஸ் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்:

"அந்த அடெலினோ ஊர்த் தீயணைப்புப் படைச் சட்டைய மாட்டிக்கிட்டு ஊர்வலத்துல முன்னாடி நடப்பான். சந்தை அன்னிக்கு ராத்திரி பெக்லியோட கொட்டகை எரிஞ்சப்ப ஆளக் காணோம். சட்டை கரியாயிடும்னு பாத்தானோ என்னவோ."

"நல்ல மனுஷன்தான்யா," என்றார் என் அப்பா. "ஆனா தீ மணி அடிச்சா வராதவன எப்படி நம்மூர்க்காரன்னு சொல்றது? கூட்டத்துல நானே எழுந்து கேக்கிறேன். பதில் சொன்னா சரி. சொல்லலன்னா என் கை மேல போகாது."

அப்பாவின் கை போகாவிட்டால் எங்கள் மேட்டுப் பண்ணைக்காரர்கள் ஒருவர் கையும் போகாது. உனக்கே தெரியும்.

ஆனால் உன் அப்பா அன்று எங்கே இருந்தார் என்று நான் பார்த்தேன். எங்கள் ரேட்டோ அண்ணன் சந்தையில் குடித்துவிட்டு டிராக்டரை ஓடைக்குள் விட்டுவிட்டான். தீயணைக்கப் போய்க்கொண்டிருந்த உன் அப்பாதான் அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். டிராக்டரையும் தன் பால் வண்டியில் கட்டி இழுத்து எங்கள் மாட்டுக்கொட்டிலில் சேர்த்தார். ஊரே தீயைப் பார்க்க ஓடியிருந்தது. கதவைத் திறந்தது நான்.

ரேட்டோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பண்ணைய எனக்குத் தரமாட்டார்."

"நான் ஒண்ணும் பாக்கல தம்பி. சத்தியமா யாருக்கும் சொல்லமாட்டேன். போய்ப் படு," என்றார் உன் அப்பா.

தயவுசெய்து அவரை எல்லாவற்றையும் சொல்லச் சொல். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்
அன்னினா


27 நவம்பர், புதன்

அன்புள்ள அன்னினா,

கடிதத்தை எரித்துவிட்டேன். இன்று பேருந்தில் நீ என் பக்கம் திரும்பவே இல்லை. காரணம் தெரியும், இருந்தாலும் வருத்தமாக இருந்தது.

யார் சொன்னது என்று சொல்லாமல் அப்பாவிடம் கேட்டேன். கருவாட்டை ஊறப் போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "அந்தப் பையனுக்கு வாக்குக் கொடுத்துட்டேன்மா. ஒரு பாஸ்போர்ட்டுக்காக அத மாத்த முடியாது."

"பன்னெண்டு வருஷமா இந்த ஊருக்கு சீஸ் கிண்டறீங்க. இன்னும் என்னத்தக் குடுக்கணும்?" என்று அம்மா சத்தம் போட்டாள். பிறகு, ஏற்கெனவே தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மறுபடி தேய்த்தாள்.

வாக்கெடுப்பு நடக்கும்போது நாங்கள் மூவரும் வெளியே, கோட்டு மாட்டும் இடத்தில் நிற்க வேண்டுமாம். கை தூக்குவதற்குச் சத்தம் கிடையாது. கதவு திறக்கும்வரை ஒன்றும் தெரியாது.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாக்குக் கொடுத்தது என் அப்பா. நீ யாருக்கும் கொடுக்கவில்லை.

டுல்சே


28 நவம்பர், வியாழன் இரவு

அன்புள்ள டுல்சே,

கோபமில்லை. காலையிலிருந்து உன் கடைசி வரியோடுதான் நடமாடுகிறேன்.

மாலையில் பால் கறக்கும்போது ரேட்டோவிடம், "நீயே அப்பாகிட்ட சொல்லிடேன்," என்றேன்.

"ஒளறாத. வாளிய எடு."

"அவங்க வெளிய நிக்கணும்டா."

"உனக்கு அண்ணன் முக்கியமா, அந்தப் போர்ச்சுகீஸ்காரங்க முக்கியமா? சொன்னீன்னா இனிமே எனக்குத் தங்கச்சியே கிடையாது."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

சின்னப் பெண் என்பதால் நாளைய கூட்டத்தில் எனக்குப் பேச உரிமை கிடையாது. பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஆகவே இன்றே சொல்லியாக வேண்டும். சாப்பிடும்போது, "அப்பா, படுக்கப் போறதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வாங்க. ஒண்ணு சொல்லணும்," என்றேன். ரேட்டோ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மகாராணிக்கு அப்படி என்ன ரகசியம்?" என்று அப்பா சிரித்தார்.

கீழே கொட்டிலைப் பூட்டுகிறார். நடுவில் அவர் ஏதாவது கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். முதலில் ஓடையைச் சொல்வதா, உன் அப்பாவைச் சொல்வதா என்று இன்னும் முடிவாகவில்லை.

படியில் காலடிச் சத்தம். இரண்டு பேர் வருகிறார்கள். ரேட்டோவும் கூட வருகிறான். என்னைத் தடுக்கத்தான் வருகிறானோ?

இல்லை. அவன் பேசுகிறான். "அப்பா, நில்லுங்க. அவ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்," என்கிறான். சந்தை என்கிறான், ஓடை என்கிறான். உன் அப்பாவின் பெயரைச் சொல்கிறான் டுல்சே.

அப்பா மீதிப் படிகளையும் ஏறி வருகிறார். கதவைத் தட்டுகிறார், நான் இதை மறைக்க—