ஆக்னஸம்மாவுக்குக் கோடி

மார்கழி 24
கடும் பனி. தொண்டைக் கட்டு. பள்ளிக்குப் புதிதாக வந்த கரண்ட் விளக்கு மறுபடி எரியவில்லை.
என்னோடு வேலை பார்க்கும், இங்கிலீஷ் எடுக்கும் ஆக்னஸம்மாவின் தாயார் அமெரிக்காவில் காலமாகிவிட்டாராம். சேதி கப்பலில் வந்து சேர்வதற்குள் அடக்கமெல்லாம் முடிந்திருக்கும். இன்று ஆக்னஸம்மா ஜெபத்துக்கு வரவில்லை.

மார்கழி 25
ஆக்னஸம்மா தன் முடியைக் காதுவரை கத்தரித்துக்கொண்டார். தலைமை மிஸ்ஸுக்குக் கோபம். "கிறிஸ்தவப் பெண் செய்கிற காரியமா?"
"நான் டக்கோட்டாப் பெண்ணும்தான்" என்றார் மெதுவாக.
டக்கோட்டா என்பது வெள்ளைக்காரர் போகுமுன்பே அமெரிக்காவில் இருந்த சனம். துக்கத்துக்கு முடியை வெட்டுவது வழக்கமாம். சிறுவயதில் வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்தில் பிடித்துவைத்து வெட்டினார்களாம். "இது நானே வெட்டியது, தெய்வானை" என்றார் என்னிடம்.

மார்கழி 28
பொங்கல் லீவு. தனியே விட மனமில்லை, ஊருக்குக் கூட்டிவந்தேன். கோபிவரை பஸ், பிறகு வண்டி. வீட்டில் என்ன சொல்வார்களோ என்று வழியெல்லாம் பயம்.
அம்மா அந்தத் தலையைப் பார்த்தாள். "ஏனுங்கம்மணி, ஊட்டுல யாருக்கு என்னாச்சுங்க?"
"அம்மா."
என் அம்மா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். சித்திதான் முணுமுணுத்தாள்: "பொங்க நோம்பியும் அதுவுமா..."

மார்கழி 29
தோட்டத்தில் வெல்லம் காய்ச்சுகிறார்கள். கரும்புப்பால் கொதிக்கும் வாசத்துக்கு ஆக்னஸம்மா நின்றுவிட்டார். பனி உருகும் பருவத்தில் அவர்கள் சனமெல்லாம் தோப்பில் கூடாரம் போட்டு, மரத்தில் வடியும் நீரைக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்களாம். கொப்பரையைத் துழாவுவது அவர் அம்மா. பாகைப் பனிமேல் ஊற்றிப் பிள்ளைகளுக்குத் தருவாராம். சொல்லிக்கொண்டே அழுதார். இப்போதுதான் முதல் அழுகை.

சாயங்காலம். இறந்தவர் பேரில் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பதும் அவர்கள் வழக்கம். கம்பளிச் சால்வையை அம்மாவிடம் நீட்டினார்.
"எழவுச் சாமானுங்கக்கா, வாங்காதீங்க" என்றாள் சித்தி.
நீட்டிய கை அப்படியே இருந்தது. அம்மா இரண்டு கையாலும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "குளுருக்கு நல்லா இருக்குதுங்க."
பிறகு பொங்கலுக்கு எடுத்த தன் புதுச்சீலையைக் கொண்டுவந்தாள். "துக்கத்துக்குச் சொந்தக்காரங்க கோடிச்சீலை போடோணும். கடல் தாண்டி யாரு வருவாங்க? நான் போடறேன், கண்ணு." ஆக்னஸம்மாவின் தோளில் போர்த்தினாள்.
சித்தி எழுந்து போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து ஆக்னஸம்மாவின் பின்னால் உட்கார்ந்தாள். "இந்த முடிக்கு இத்தனூண்டு போதுமுங்க."

தை 1
நல்ல வெயில். அம்மா பழைய சீலையில் பொங்கல் வைத்தாள். வேர்த்துக் கொட்டியும் சால்வையை எடுக்கவில்லை.

தை 3
பூப்பறிக்கிற நோம்பி. ஊர்ப் பெண்களெல்லாம் ஆவாரம்பூவுக்குக் கிளம்பினார்கள். துக்கத்தில் வரலாமா என்று ஆக்னஸம்மா தயங்கினார். "பூவைத் தொடாட்டி என்னங்க, கூட வந்தாப் போதும்" என்றாள் சித்தி.
வழியில் என்னைத் "தங்கா" என்றார். தங்கச்சி என்று திருத்தினேன். சிரித்தார். தமிழ் இல்லையாம். அவர்கள் பாஷையில் ஒரு அக்கா தன் தங்கையை அழைப்பது அப்படித்தானாம். சொந்தத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லையாம்.
"அப்ப நான் உங்களை என்னன்னு கூப்பிடோணுங்க?"
அக்காவுக்கான சொல்லைச் சொல்லித்தந்தார். வாயில் சரியாக வரவில்லை. வரப்பு நெடுக முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, முன்னே போனவரை அப்படிக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார்.