நடுக்கோட்டிலிருந்து அரை அடி

மார்ச் 6

அன்புள்ள கேப்டனுக்கு,

நான் சுகம். நீங்கள் பத்திரமாக இறங்கிவிட்டதாக விமான நிலைய டவரில் சொன்னார்கள், அதனால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. பதினாலு மாதமாக ஒரு கடுதாசி போடாதவள் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் ஒரு ரப்பர் துண்டு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைச் சுற்றுக்கு ஜீப்பை எடுத்தேன். என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. ஓடுபாதையில் திருகாணி, கல், செத்த பறவை என்று எது கிடந்தாலும் பொறுக்கிப் பையில் போட வேண்டும். அன்று நல்ல பனி. ஓடுபாதையின் முடிவு எங்கே, வானத்தின் ஆரம்பம் எங்கே என்று தெரியவில்லை. பாதி தூரம் தாண்டி, இடப்பக்கம், உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாக ஒன்று கிடந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. பிறகு ஒரு முழ நீளத்துக்கு, நூல் நூலாகப் பிரிந்து ஒரு துண்டு. கையில் எடுத்தபோது ஆறிப்போயிருந்தது. டயரின் தோல். அன்று காலை உங்கள் முதலாளியின் ஜெட்டைத் தவிர வேறெதுவும் கிளம்பவில்லை. டவருக்குச் சொன்னேன்.

அதற்குப் பிறகு என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு ஊரில் இறக்கினீர்களாம், எல்லோரும் பிழைத்தார்களாம், அவ்வளவுதான். மேலே என்ன நடந்தது? உங்களை விட்டுத் தங்கை வீட்டு மாடிக்கு வந்துவிட்டவள் இதைக் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். துண்டைப் பொறுக்கியவள் கேட்கலாம் என்று முடிவு செய்தேன். நான் அங்கே இருந்த கடைசி வருஷம் ஒரு எஞ்சின் நின்றுபோய், ஒற்றை எஞ்சினில் இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தீர்கள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னீர்கள். எரிபொருள் வண்டி ஓட்டுகிறவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல” என்றீர்கள். இந்தத் தடவை அப்படிச் சொல்வதாக இருந்தால் பதிலே போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஜீப்புக்காரி

மார்ச் 11

என் ஜீப்புக்காரிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சின்ன ஜெட்டில் டயர் வெடித்தால் ஓட்டுகிறவனுக்குப் பெரும்பாலும் தெரியாது. நாங்கள் மூக்கில் உட்கார்ந்திருக்கிறோம், பெரிய சக்கரங்கள் பக்கத்துக்கு இரண்டாகப் பின்னால் எங்கோ இருக்கின்றன. ஒன்று போனாலும் பக்கத்துச் சக்கரம் தாங்கிக்கொள்ளும். லேசாக ஒரு உதறல், ஒரு பக்கம் மெல்ல இழுப்பு, வேகம் ஏறுவதில் சின்னச் சுணக்கம், அவ்வளவுதான் அடையாளம். ஓடுபாதை நடுக்கோட்டில் பதித்த விளக்குகள்மேல் சக்கரம் ஏறினாலும் இதே உதறல்தான். முதலாளியின் டீ தளும்பக் கூடாதென்று நான் எப்போதும் கோட்டுக்கு அரை அடி இடப்பக்கமாகவே ஓட்டுவேன். விளக்கில் ஏற மாட்டேன்.

அன்றும் அரை அடி தள்ளித்தான் போனேன். நிறுத்தலாம் என்ற வேகத்தைத் தாண்டியபிறகு, கீழே நாலு தடவை தடதடவென்றது. இடப்பக்கம் இழுத்தது. அந்த வேகத்தில் பிரேக்கை மிதித்தால் பாதை முடிந்து வயலுக்குள் போய்த்தான் நிற்கும், ஆகவே கிளம்பியது சரி. பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானியை உனக்குத் தெரியும், முன்னே கணக்கு வாத்தியாராக இருந்ததால் எல்லோரும் டீச்சர் என்கிற அம்மாள். அவர் கேட்டார்: “சார், கீழ ஏதோ இடிச்ச மாதிரி இருந்துச்சே?”

“ஒண்ணுமில்ல. லைட்டு,” என்றேன்.

நான் விளக்கில் ஏறுவதில்லை என்பது டீச்சருக்கும் தெரியும். திரும்பிக் கருவிகளைப் பார்த்தார். நான் சக்கரங்களை உள்ளே இழுத்துவிட்டேன். சந்தேகம் இருந்தால் இழுக்கவே கூடாது. கிழிந்த டயர் உள்ளே சுழன்று குழாய்களை அறுத்துவிடும், பிறகு சக்கரம் வெளியே வருமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். இது முதல் வருஷப் பாடம்.

அதற்குள் பின் இருக்கையிலிருந்து, அன்று பயணியாக வந்த முதலாளியின் மாமியார் விமானத்து உள்போனில் கூப்பிட்டார். பின்னால் யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்ததாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் அவர்தானே உட்கார்ந்திருக்கிறார். மேலே ஏறும்போது அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கும் சமாதானம் சொன்னேன். சக்கரத்தையும் பிரேக்கையும் இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

கிளம்பி இருபது நிமிடத்துக்கு மேல் ஆனபிறகு டவர் கூப்பிட்டது. ஓடுபாதையில் ரப்பர் கிடக்கிறது என்றார்கள். கண்டது யாரென்று நான் கேட்கவில்லை. அந்தப் பனியில் குனிந்து பொறுக்குகிற ஆள் வேறு யார்?

அப்புறம் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. நீளமான ஓடுபாதை உள்ள ஊருக்குத் திரும்பினோம். எடை குறைய வேண்டும் என்று எரிபொருளை எரித்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் மேகத்துக்கு மேல் வட்டமடித்தோம். கீழே ஊர் இல்லை, பாதை இல்லை, வெள்ளையாக ஒரு பரப்பு. விமானம் நகர்வதே தெரியவில்லை. மாமியார் தூங்கிவிட்டார். டீச்சர் அவசர நேரத்துக்கான குறிப்பைப் பக்கம் பக்கமாக வாசித்தார், பள்ளிக்கூடத்துப் பாட்டுபோல இருந்தது. நான் உன் ஜீப் அந்த வெள்ளையில் எங்கோ போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நீ கீழே இருக்கிறாய் என்று பட்டது. பயம் குறைந்தது. பயந்தேன் என்று உன்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

சக்கரம் வெளியே வந்தது. அந்த ஊர் டவர் பக்கமாகத் தாழ்வாக ஒரு தடவை பறந்து காட்டினோம், அவர்கள் தொலைநோக்கியில் பார்த்து, இடது வெளிப்பக்கத்து டயர் நார்நாராகத் தொங்குகிறது என்றார்கள். இடப்பக்கம்தான் இழுக்கும், ஆகவே பாதையின் வலது ஓரத்தில் இறக்கினேன். இடது இறக்கையைக் கடைசிவரை தூக்கிப் பிடித்தேன். வலது பிரேக் மட்டும், அதுவும் பூப்போல. நின்ற இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிட்டோம், ஒரு அடி நகர்த்தவில்லை. தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

இப்போது விசாரணை. இருபதாம் தேதிக்குள் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். எதுவும் உணரவில்லை என்று நான் எழுதினால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். விமானி அறையின் குரல் பதிவு கடைசி இரண்டு மணி நேரம்தான் நிற்கும், வட்டமடித்ததில் அழிந்துவிட்டது. “நீங்க எழுதுறதையே நானும் எழுதிடறேன் சார்,” என்கிறார் டீச்சர். உண்மையை எழுதினால் கேப்டன் இருக்கை போகும். என்ன செய்யட்டும்?

இன்னும் உன் வீட்டுக்காரன்தான்

மார்ச் 15

அன்புள்ள கேப்டனுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தங்கை மூன்றாவது தடவை படிக்கக் கேட்டாள், தரவில்லை.

உங்கள் ஜெட்டுக்குச் சக்கரம் மாற்றப் போனவர் நம் விமானக் கொட்டகையின் டயர்க்காரர்தான். நேற்று டீ குடிக்கையில் ஒரு விஷயம் சொன்னார். வெடித்த டயர்மேல் குற்றமே இல்லையாம். அதன் பக்கத்து டயரில்தான் காற்று இறங்கியிருந்ததாம். இந்த டயர்கள் நின்ற இடத்திலேயே தினமும் கொஞ்சம் காற்றை விடுமாமே. உங்கள் ஜெட் ஒன்பது நாள் சும்மா நின்றது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏனென்றால் நல்லது இளைத்ததையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டு நிற்கும். ஓடும்போது பாரம் தாங்காமல் நல்லதுதான் வெடிக்கும். அளவுமானி வைத்துப் பார்த்தால் ஒழிய தெரியாது. கேப்டன் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறினார் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டை விட்டுப் போனது நான்தான் என்று உங்கள் அக்கா ஊரெல்லாம் சொல்கிறார். வாஸ்தவம், சத்தம் போட்டு வெடித்தது நான்தான். ஆனால் எத்தனை வருஷம் உங்கள் பங்கு பாரத்தையும் என்னவென்று தெரியாமலே சுமந்தேன் என்று அவருக்கு யார் சொல்வது?

என்ன எழுதுவது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லி நீங்கள் உண்மையை எழுதினால் அது என் உண்மை. எழுதியதற்கு ஒரு நகல் மட்டும் அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் நாம் இனி ஒரு வீட்டில் இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியும்.

ஜீப்புக்காரி

ஏப்ரல் 9

அன்புக்குரியவளுக்கு,

நகல் இதோடு இருக்கிறது. அதில் முக்கியமான பத்தி இது:

“தரையில் நாலு அதிர்வை உணர்ந்தேன். அவை விளக்குகள்மேல் ஏறியதால் வந்தவை அல்ல என்று அப்போதே தெரியும். துணை விமானி கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னேன். காற்று அளவைப் பார்க்கச் சொல்லாமல் கிளம்பியதும் என் தவறு. துணை விமானி மீது எந்தப் பிழையும் இல்லை.”

நேற்றுத் தீர்ப்பு வந்தது. ஆறு மாதத்துக்கு நான் கேப்டன் இல்லை. துணை விமானியின் வலது இருக்கையில் உட்கார்ந்து இன்னொருவருக்குக் குறிப்பு வாசிக்க வேண்டும். “ஏன் சார் எழுதுனீங்க, யாருக்கும் தெரிஞ்சிருக்காதே,” என்று டீச்சர் கண் கலங்கினார். தெரிய வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள் என்றேன்.

அவமானமாக இருக்கிறது. ராத்திரி சரியாகத் தூங்குகிறேன். இரண்டும் நிஜம். உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
கேப்டன் அல்லாதவன்

ஏப்ரல் 17

என்னவருக்கு,

உங்கள் நகலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, வெட்கத்தில் பாதி. நீங்கள் அப்படி எழுதிய பிறகு நான் வாய் மூடி இருந்தால் மனுஷியே இல்லை.

ரப்பரை நான் ஏழரைச் சுற்றில் கண்டுபிடிக்கவில்லை. ஏழு பத்துக்கு நீங்கள் கிளம்பும்போதே பழைய தீயணைப்புக் கொட்டகைக்குப் பின்னால் ஜீப்பை நிறுத்தி நின்றுகொண்டிருந்தேன். பனிக்குள் விளக்குகள் மிதந்து வந்தன. பட்டென்று ஒரு சத்தம், இடது சக்கரத்தில் சின்னதாகப் புகை. பிறகு நீங்கள் வெள்ளைக்குள் போய்விட்டீர்கள். ரேடியோ கையில்தான் இருந்தது. அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கக் கூடாது. இருந்தேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பிரிந்து போனவள் புருஷன் கிளம்புவதைத் திருட்டுத்தனமாகப் பார்க்க வருகிறாள் என்று டவர் முழுக்கச் சிரிக்கும், அது உங்கள் காதுக்கும் வரும். அந்த வீம்பில் இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் சுற்று நேரம் வந்ததும் புதிதாகப் பார்ப்பதுபோலப் போய்ப் பொறுக்கினேன். உங்களுக்கு எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்த அதே இருபது நிமிடம். அதற்குள் வேறு விமானம் எதுவும் அந்தத் துண்டுகள்மேல் ஓடாதது என் அதிர்ஷ்டம்.

எதற்கும் ஒன்றுமில்லை என்று நீங்கள் சொன்னதால்தான் உங்களை விட்டு வந்தேன். அன்று நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

இன்று காலை விசாரணைக் குழுவுக்கு இதையே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். வேலை போகலாம். நீங்கள் கோபப்படலாம், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. பார்க்க வருவதா வேண்டாமா என்பதை இதைப் படித்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் தற்செயலாக வந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பதினாலு மாதத்தில் நீங்கள் இங்கிருந்து கிளம்பிய எல்லாக் காலையிலும் அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன், தலைகூட வாராமல்.

உங்கள்,
மனைவி