இந்தக் கடிதத்தில் இல்லாத சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் சுகம்தான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன், இல்லாவிட்டால் திறந்த பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எழுதாமல் இல்லை, எழுதி எழுதிக் கிழித்தேன். எப்படித்தான் சுற்றி வளைத்து எழுதினாலும் ஏதாவது ஒரு மூலையில் அந்தச் சொல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. எந்தச் சொல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து கிளம்பி வீட்டுக்குத் திரும்பச் சொல்லி உன்னை நான் நச்சரிக்கும் அதே சொல்தான். போன தடவை போனில் அதை நான் எடுத்ததும் நீ சொன்னாய், "அம்மா, நீ அதச் சொல்றப்பல்லாம் என் கண்ணு கட்டிலுக்கடியில இருக்கற பெட்டி மேல போகுது. பெட்டியப் பாத்துட்டு வார்டுக்குப் போனா ஊசி போடற கை நடுங்குதும்மா" என்று. "இனிமே போன் வேணாம், நீ எழுது. நீ எழுத்துல அழுதா எனக்குக் கேக்காது" என்றும் சொன்னாய். பேச்சில் நீ அப்பா மாதிரி, ஒரே போடு. சரி, எழுதுகிறேன். அந்தச் சொல் மட்டும் இந்தக் கடிதத்தில் இருக்காது. அதுதான் இப்போது என்னுடைய ஒறுத்தல். அதற்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் இங்குள்ள பெரிய செய்தி, மற்றதெல்லாம் சில்லறை.

உங்கள் பக்கம் சண்டை நெருங்குகிறது, ஆஸ்பத்திரியில் யார் யார் தங்குகிறீர்கள் என்று கேட்டார்கள், நீ கையைத் தூக்கிவிட்டாய் என்று உன் செய்தி வந்த அந்த வாரம் கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தில், போர் ஓயும்வரை ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு சின்ன ஒறுத்தல், அதாவது பிடித்த ஒன்றை விட்டுவிட்டு, அதைச் சமாதானத்துக்காக ஒப்புக்கொடுங்கள் என்றார். "பெரிசா ஒண்ணும் வேணாம், விட்டா லேசா வலிக்கணும், அவ்வளவுதான். வலிக்காதத விட்டா அது ஒறுத்தல் இல்ல, வீட்ட ஒதுங்க வைக்கறது" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் தங்கச்சி சில்வண்டு, "நான் குளிக்கறத விட்டுட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். அது வலிக்காது, நாறும் என்று தள்ளுபடி செய்தோம். உடனே "அப்ப காய்கறிய விட்டுடறேன், சத்தியமா ரொம்ப வலிக்கும்மா" என்கிறாள், முகத்தை அப்படி வைத்துக்கொண்டு. அப்பா டி.வி.யில் செய்தி பார்ப்பதை விட்டார். மனிதர் செய்தி பார்க்கும்போது கத்துகிற கத்தலில் அங்கே பேசுகிறவனே பயந்து நிறுத்திவிடுவான், உனக்குத் தெரியாததா. ரிமோட்டை என் கையில் கொடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டு என்றார், நானும் மெய்சிலிர்த்துப் பூட்டினேன். பார்த்தால் சாயங்காலம் ஆனதும் சலூனுக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கேயும் ஒரு டி.வி. இருக்கிறது. சும்மா உட்கார்ந்து பார்த்தால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெட்டிக்கொள்கிறார். இப்போது அவர் தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. நேற்று முகச்சவரத்துக்குப் போயிருக்கிறார். சலூன்காரரே, "சார், அடுத்த செய்திக்கு மீசைதான் இருக்கு, யோசிச்சுக்கங்க" என்றாராம். அப்பாவே வந்து சொல்லிச் சிரித்தார், பிறகு தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் டீயை விட்டேன். படித்தவள், கொஞ்சம் கௌரவமாக ஒன்றை விடுவோம் என்று நினைப்பு. இரண்டாவது நாளே தலை விண்விண் என்று தெறிக்கிறது. கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவருக்குக் கண் சோதிக்கிறேன், அட்டையில் இருக்கிற எழுத்தை அவர் மாற்றி மாற்றிச் சொல்கிறார், அதற்குத்தானே மனிதர் கண்ணாடி போட வந்திருக்கிறார், நான் என்னவோ பரீட்சையில் தப்பாக எழுதியவரைக் கேட்பதுபோல "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று சீறிவிட்டேன். அவர் பயந்துபோய், எல்லாம் நல்லாத் தெரியுது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் என்னத்தைப் பார்த்தார், என் முகத்தைத்தான் பார்த்திருப்பார். முதலாளி அம்மா கூப்பிட்டு, "நாளைக்கு ஒண்ணு டீயக் குடி, இல்லன்னா லீவு போடு" என்றார். வீட்டிலும் அதே கதைதான். அப்பா ஒரு டம்ளர் டீயைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைத்து, "உலகத்துச் சமாதானத்த அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல இந்த வீட்டுச் சமாதானத்துக்கு இதக் குடி தாயே" என்றார். குடித்தேன். அப்படி ஒரு டீயை என் வாழ்நாளில் குடித்ததில்லை.

டீ போனால் போகட்டும் என்று மாடித் தையல்காரம்மாவோடு போடும் சண்டையை எடுத்துக்கொண்டேன். நீ இருக்கும்போதே அந்தச் சண்டை ஆரம்பித்துவிட்டது, ஞாபகம் இருக்கும். நம் படுக்கையறைக்கு நேர் மேலே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊரே படுத்த பிறகும் தடதடவென்று ஓட்டுவார். நான் ஒட்டடைக் கம்பை எடுத்து மேலே இடிப்பேன், அவர் நிறுத்துவார். மறுநாளும் அவர் ஓட்டுவார், நான் இடிப்பேன். மாடிப்படியில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவோம். பௌதிகம் படித்த எனக்கு, சத்தம் மேலிருந்து கீழே வரும் என்பது மட்டும்தான் வாழ்க்கையில் பயன்பட்டிருக்கிறது. எங்கேயோ நடக்கிற சண்டை நிற்க வேண்டும் என்று மண்டியிட்டுவிட்டு எழுந்ததும் கம்பைத் தேடுகிறேனே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கம்பைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டேன். மெஷின் ஓட ஓட, பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடதட. அப்படி நான்கைந்து நாள். ஒரு காலையில் கதவைத் தட்டி அந்தம்மாவே நிற்கிறார், கண் இரண்டும் கோவைப்பழம் மாதிரி சிவந்திருக்கிறது. எதற்கும் தயாராக நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவரோ, "ஏம்மா, உடம்புக்கு முடியலையா? நாலஞ்சு நாளா கீழேருந்து இடிக்கவே இல்லையே" என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கு வேலையில உக்காந்தா நேரங்காலமே தெரியாது. நீ இடிச்சாத்தான் ஐயோ நேரமாச்சேன்னு எந்திரிப்பேன். நீ இடிக்கல, நான் விடிய விடியத் தெச்சுட்டு உக்காந்திருக்கேன், கண்ணு எரியுது. அதவிட, உனக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது" என்றார். சிரிப்பதா அழுவதா, சொல். நான் எதைச் சண்டை என்று நினைத்து இத்தனை காலம் இடித்தேனோ அதைக் கேட்டுத்தான் அந்தம்மா தூங்கப் போயிருக்கிறார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தேன், டீயை மறுபடி ஆரம்பித்திருந்தது நல்லதாகப் போயிற்று. கம்பைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது. இப்போதும் இடிக்கிறேன், ஆனால் மெதுவாக, அதுவும் அவர் சொன்ன நேரத்துக்கு. பதிலுக்கு அவரும் மேலேயிருந்து காலால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் படுக்கிறார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். போன ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்க வேண்டியவர் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய் நின்ற பிறகுதான் தெரிகிறது, கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஆமாம், எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது, உன்னிடம் சொல்லவில்லை, நம் இரண்டு பேரையும் பார்த்து அக்கா தங்கச்சியா என்று கேட்கிறவர்கள் இனிமேல் கேட்க மாட்டார்களே என்றுதான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் கையில் தாளை வைத்துக்கொண்டு முழிக்கிறேன், எழுத்தெல்லாம் எறும்பு. முதல் இரண்டு மன்றாட்டை எப்படியோ ஒப்பேற்றினேன். மூன்றாவது சமாதானத்துக்கானது. "அமைதியின் ஆண்டவரே, போர் நடக்கும் இடங்களில் எழுந்து வாரும்" என்று தாளில் இருந்ததாம், பிற்பாடு ஃபாதர் காட்டினார். நான் பாதியைப் பார்த்தும் பாதியை வாய் போன போக்கிலும் வாசித்து, "போர் நடக்கும் இடத்திலிருந்து எழுந்து வா பாப்பா" என்று சொல்லி முடித்துவிட்டேன். மைக்கில். (இதை நான் உனக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன், ஆகவே ஒறுத்தல் கணக்கில் சேராது.) என் காதில் என் குரல் விழுந்ததும் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அப்பா தன் மொட்டைத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பார், மன்றாட்டு முடிந்தால் பதில் சொல்லியாக வேண்டும், ஜனங்களுக்கு வாய் பழகிப்போயிருக்கிறது. முன் பெஞ்சில் யாரோ ஒருவர் ஆரம்பிக்க, மொத்தக் கோயிலும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. வழக்கமாக இழுத்து இழுத்து, தூக்கக் கலக்கத்தில் சொல்வார்களே, அப்படி இல்லை. சொன்னார்கள், பாப்பா. உன்னைப் பார்த்தே இராத ஆட்களெல்லாம் சேர்ந்து சொன்னார்கள். சில்வண்டு மட்டும் எல்லோரும் முடித்த பிறகு தனியாக ஒரு தடவை சொன்னாள்.

பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஃபாதரிடம் போனேன். அவர், "நீங்க தப்பா வாசிச்சதாத் தெரியலையேம்மா. போர் முடிஞ்சா எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குத்தானே போவாங்க" என்றார். அவ்வளவுதான், வேறு யாரோ கூப்பிடப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு பேர் எனக்காக அதைக் கேட்டாகிவிட்டது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாகிவிட்டது. இனிமேல் அதை உன் காதில் போட்டு உன் கையை நடுங்க வைக்க எனக்கு என்ன அவசியம்? அந்தக் கை யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு ஊசி போடுகிற கை. அங்கே கட்டிலில் படுத்திருக்கிறவர்களுக்கும் அம்மா உண்டு, அவளும் எங்கேயோ உட்கார்ந்து, நர்ஸ் கை பதறாமல் இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருப்பாள். அவளுக்காக அந்தச் சொல்லை விடுகிறேன். டீயைவிட வலிக்கிறது, அதனால் இதுதான் சரியான ஒறுத்தல் போலிருக்கிறது. ஆனால் ஒன்று. தையல்காரம்மா நினைத்த மாதிரி நீ நினைத்துவிடாதே. நான் இடிக்கவில்லை என்றால் எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்றோ, அம்மாவுக்கு ஆசை விட்டுப்போயிற்று என்றோ அர்த்தமில்லை. கம்பு கையிலேயேதான் இருக்கிறது.

சில்வண்டு கடைசியில் என்ன ஒறுத்தல் எடுத்தாள் என்று சொல்லவில்லையே. ஸ்கூல் வேனில் ஜன்னல் சீட்டை விட்டாள். அதற்காக ஒரு பெண்ணோடு முடியைப் பிடித்துச் சண்டை போட்டு வாங்கிய சீட், அதை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டாள். எதற்குடி என்று கேட்டால், "நீதான அக்காவுக்கு போன்ல சொன்ன, ஜன்னல் பக்கம் இருக்காதன்னு. அக்கா மட்டும் உள்ள தள்ளி உக்காந்தா அவளுக்கு போர் அடிக்குமில்ல" என்கிறாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினேன், சமையலுக்கு வெங்காயம் தேவைப்படவில்லை. ஆகவே ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தால் இன்றைக்கே உள்பக்கம் நகர்த்து. டார்ச்சைச் சார்ஜ் போட்டுத் தலைமாட்டில் வை. கால் வீக்கத்துக்கு அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று பெட்டியில் வைக்காதே, அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நைட் டூட்டி என்று சாப்பிடாமல் இருக்காதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல், அவளுக்கும் பயமாகத்தான் இருக்கும், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். நீயும் ஏதாவது ஒன்றை ஒறுத்தலாக விட வேண்டும் என்று நினைக்காதே, நீ விட்டது போதும், உன் பங்கை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், தனியாக எழுதக் கூச்சம் அவருக்கு, தலையில் முடி முளைத்த பிறகு போட்டோ அனுப்புகிறாராம். தையல்காரம்மா உனக்கு ஒரு சட்டை தைக்கிறார், இளைத்திருப்பாய் என்று அளவை ஒரு சுற்றுக் குறைத்துத் தைக்கட்டுமா என்று கேட்டார், பழைய அளவிலேயே தையுங்கள் என்று சொல்லிவிட்டேன், பொய்யாக்கிவிடாதே. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், உன் கையை அவர் கையால் பிடித்துக்கொள்ளட்டும், நீ தொடுகிற ஒவ்வொரு ஆளும் பிழைத்து எழுந்து வீட்டுக்கு நடந்து போகட்டும்.

கடைசியாக ஒன்று. இப்போது உன்னை டூட்டிக்கு அனுப்புகிற மாதிரி வாசலில் நின்று கடிதத்தை முடிக்கலாம் என்று பார்த்தால், நம் தமிழில் அதற்கும் வழியில்லை, "போய்ட்டு" என்று எழுதியதும் அடுத்து அந்தச் சொல் வந்து நிற்கிறது. வெறுமனே போ என்று எழுத எனக்குக் கை வராது. ஆகவே நான் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். வார்டுக்குக் கிளம்பும்போது, சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகையில் செருப்பை மாட்டிக்கொண்டே கத்துவாயே, அதே மாதிரி ஒரு தடவை மீதியை நீயே சொல்லிவிட்டுப் போ. நீ சொன்னால் என் ஒறுத்தல் முறியாது.

போய்ட்டு,

உன் அம்மா