முன்விளிம்பில் சந்தனம்

இன்று ஆயுத பூஜை. உன் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் குழைத்த சந்தனத்தின் வாசனை வந்துவிட்டது. உள்ளே உன் அம்மா, சுவரில் சாய்த்திருந்த உன் விமானத்தின் இறக்கைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். வருடா வருடம் கூப்பிடுகிறார், நானும் வருகிறேன். எனக்கோ இப்போது அந்த வாசனையே ஆகாது.

தியாகதுருகத்து வீட்டின் இதே கூடத்தில்தான் தெர்மாக்கோல் தூளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த இறக்கையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருப்பாய். கல்வராயன் மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச்சரிவுக்குப் பாம்புக்கடி மருந்தைச் சுமந்துபோகும் ஆளில்லா விமானம். அதுதான் உன் பைத்தியம். பெரிய பேட்டரி வைத்தால் எடை கூடிவிடும். ஆகவே காற்றின் இழுவையைக் குறைத்துத்தான் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இறக்கையின் முன்விளிம்பை நான் தொட்டாலே கத்துவாய்.

"கைய எட்றா! காத்து மொதல்ல வந்து மோதுற எடம். கண்ணாடியாட்டம் இருக்கணும். சின்னதா ஒரு மேடு இருந்தாலும் காத்து கலைஞ்சி, பின்னால புடிச்சி இழுக்கும்."

அப்படிப்பட்ட நீ, விமானம் தயாரான வருடப் பூஜையில் அம்மா முன்விளிம்பு நெடுக சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தபோது வாயே திறக்கவில்லை. மறுநாள் விஜயதசமி. மலைமேல் கரியாலூரில் பறக்கவிடும் முன், காய்ந்து மேடுதட்டியிருந்த பொட்டுகளை நான் சுரண்டப் போனேன்.

"வுடுடா. அம்மா களை வெட்டிட்டு வந்து, இடுப்பு வலியோட குனிஞ்சி வச்சிக்கினு இருந்துச்சி. இன்னா, கொஞ்சம் இழுவ ஜாஸ்தியாவும். தாங்கும்."

தாங்கவில்லை. எதிர்ச்சரிவை நெருங்கும்போது பேட்டரி தீர்ந்து, விமானம் பள்ளத்தில் விழுந்தது. எடுக்க இறங்கிய நீ பாசிப் பாறையில் வழுக்கினாய். மலைக்காரர்கள் உன்னைத் தூக்கி வந்தார்கள். இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பொட்டுகளில்தான் வந்து நிற்கிறது. யாரைத் திட்டுவேன்? உன்மேல்தான் ஆத்திரமாக வருகிறது, பாவி. வாங்கிக்கொள்ள நீயும் இல்லை.

அம்மா விரலில் சந்தனத்தோடு திரும்பினார்.

"ஏம்பா, நீ கூடத்தான இருந்த? நல்லாத்தான பொட்டு வச்சி அனுப்புனேன். அப்பறம் ஏன் வுழுந்துச்சி?"

"பேட்டரி தீந்துடுச்சிம்மா," என்றேன்.

"நான் வச்சது பத்தலையோன்னு நெனச்சிக்கினே இருக்கேன். அதான் வருசத்துக்கு ஒண்ணு கூட வக்கிறேன்."

சொல்லிவிட்டு இன்னொரு பொட்டு வைத்தார். சந்தனக் கிண்ணத்தை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.