பைக்குள் இருக்கும் போன்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

புது போன் வாங்கியிருக்கேன். விலை கம்மி, வாட்ஸ்அப் திறக்கவே ரொம்ப யோசிக்கும். ஆனா ஸ்கிரீனுக்குக் கீழே நிஜ பட்டன் இருக்கு. பைக்குள்ள கையை விட்டு, பார்க்காமலே தடவி மெசேஜ் அடிச்சிரலாம்.

செம்பூர் ஸ்டேஷன்லேருந்து ஹாஸ்டலுக்கு நடக்கையில அது வசதி. ஒரு ஆள் தினமும் பின்னாலயே வாரான். வேற ஒண்ணும் பண்ணல. நேத்து மட்டும் கேட் வரைக்கும் வந்து, பெனிட்டான்னு பேர் சொல்லிக் கூப்பிட்டான்.

போன்ல சொன்னா குரல் நடுங்கிரும்னுதான் கடிதம்.

தினமும் சாயந்திரம் போனைப் பக்கத்துலயே வச்சிக்கோங்க. என்கிட்டேருந்து வெறும் புள்ளி வந்தா உடனே கூப்பிடுங்க. நான் எடுக்காட்டியும் விடாம அடிச்சுக்கிட்டே இருங்கம்மா. அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்கட்டும்.

ரயிலுக்கு நேரமாச்சு,
மகள் பெனிட்டா