ஒரே மத்தியானத்தில் தீர்ந்த மாச டேட்டா

என்னங்க,

நீங்களும் சின்னவளும் சௌக்கியம்தானே? உங்க இருமல் விட்டுச்சா? நான் நல்லா இருக்கேன். போன் பண்ணாம கடுதாசி போடுறாளேன்னு பதறாதீங்க. இந்த மாசத்து டேட்டா தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

புது டேப்லெட்டோட வேகம் இருக்கே, அப்பப்பா! தொட்டா போதும், நீங்க எதிர்ல வந்து நிக்கிறீங்க. முன்ன மாதிரி வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் இல்ல. ஆனா படம் தெளிவா வர வர டேட்டாவையும் மடமடன்னு குடிச்சிடுமாம். எனக்கு எங்க தெரியும்?

அன்னைக்குப் பேசி முடிச்சதும் போனைத் தையல் மெஷின் பக்கத்துல சாய்ச்சு வச்சீங்க. கட் பண்ண மறந்துட்டுத் தைக்க உட்கார்ந்துட்டீங்க. கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், மனசு வரல. டேப்லெட்டை இஸ்திரி மேஜையில வச்சுக்கிட்டு, லாண்டரிக்கு வந்த விரிப்பையெல்லாம் தேய்ச்சேன். நீங்க அங்க தைக்க, நான் இங்க தேய்க்க, நம்ம கடையில இருந்த மாதிரியே இருந்துச்சுங்க! நீங்க சட்டைக்குப் பட்டன் வைக்கக் குனிஞ்சப்போ படம் அப்படியே நின்னுபோச்சு. மாசம் பூராவுக்கும் இருந்தது காலி! கூட வேலை செய்யிற அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க.

ஊசியில நூல் கோர்க்க நீங்க பட்ட பாட்டையும் பார்த்தேன். மழுப்பாம போய்க் கண்ணாடி போடுங்க.

இஸ்திரிப் பெட்டி சூடாயிடுச்சு, ஓடணும். ஒண்ணாம் தேதி டேட்டா வந்துடும். பேசி முடிச்சதும் போனை அதே இடத்துல சாய்ச்சு வைங்க. கட் பண்ண மறந்துடுங்க.